சிலுவையில் இருந்த பெயர்

இந்தக் கதை ஒரு வழக்கில் போய் நிற்கும். அதுவரை யாரும் தீர்ப்பை எழுதிவிட வேண்டாம்.

போத்தனூரில் டெனிஸ் லேசி என்றொரு ரயில் டிரைவர் இருந்தார். அயர்லாந்தில், லிமெரிக்கில் பிறந்தவர். உள்ளூர்ப் பெண் பிலோமினாவை மாதா கோவிலில் வைத்து மணந்தார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய வருடம் அவரும் கப்பலேறினார். வீடு பார்த்துவிட்டு அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனவர் அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை. கைக்குழந்தை மாவிஸை வைத்துக்கொண்டு பிலோமினா காத்திருந்தாள். பிறகு ஒருநாள் காத்திருப்பதை நிறுத்தினாள். கப்பலில் காய்ச்சல் கண்டு கணவர் இறந்துவிட்டார், உடலைக் கடலில் விட்டுவிட்டார்கள் என்று ஊருக்குச் சொன்னாள். கறுப்பு உடுத்தினாள். கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயரில் ஒரு சிலுவை நிறுத்த இடம் கேட்டபோது, பங்குச் சாமியாரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"உயிரோட இருக்கிறவனுக்கு எதுக்கம்மா கல்லறை?" என்றார் அவர்.

"எம்புள்ளைய நாளைக்கு ஒருத்தரும் விட்டுட்டு ஓடுனவன் மகள்னு சொல்லக் கூடாதுங்க சாமி. செத்தவன் மகளா வளரட்டும்."

சாமியார் இடம் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, எழுத்துகளுக்குக் கறுப்புப் பெயின்ட் பூசி, மெழுகுவர்த்தி ஏற்றுவது அந்த வீட்டின் வழக்கமானது. பிலோமினா இறந்தபோது அவளை அந்தச் சிலுவையின் அடியிலேயே புதைத்தார்கள். அவள் பெயரை எழுதவில்லை. இருந்த இடம் முழுவதையும் கணவரின் பெயரே எடுத்துக்கொண்டிருந்தது.

மாவிஸுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கிளைவ், ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். இளையவள் லோர்னா, கோயம்புத்தூரில் நர்ஸ். அயர்லாந்தில் பிறந்தவரின் பேத்தி என்று நிரூபித்தால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கும் என்று அறிந்த லோர்னா, விண்ணப்பிக்கத் தீர்மானித்தாள். தாத்தாவின் பிறப்புக்கும் திருமணத்துக்கும் இறப்புக்கும் சான்று வேண்டும். கடலில் விட்ட உடலுக்கு யார் சான்று தருவார்கள்? கேட்டுத்தான் பார்ப்போமே என்று அயர்லாந்துக்கே எழுதினாள். கேட்டது வந்தது. லோர்னா நடை பழகிக்கொண்டிருந்த காலத்தில், லிமெரிக்கில், இன்னொருத்தியின் கணவராக டெனிஸ் லேசி இறந்திருக்கிறார்.

அம்மாவிடம் மறைக்க வழியில்லை. அவளுடைய பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பம் நகராது. லோர்னா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மாவிஸ் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எங்கப்பா கப்பல்ல செத்தார். லிமெரிக்ல செத்தவன் எவனோ. எவனோ ஒருத்தன் பேரைச் சொல்லி எம்மவ கையேந்த வேண்டாம்."

"கையேந்தல மம்மி. அது எனக்கு உள்ளது."

கிளைவ் குறுக்கே வந்தான். "நர்ஸுங்களுக்கு அவங்களே விசா குடுத்துக் கூப்பிடுறாங்களே. அதுல போயேன் மகாராணி."

"விருந்தாளியா போகச் சொல்றியா மேன்? நான் வாரிசா போவேன். நம்மள வேண்டாம்னு போனவன் ஊர்ல, அவன் பேரைச் சொல்லியே கதவைத் தட்டுவேன்."

"அப்ப கல்லறைத் திருநாளுக்கு நீ வராத. ஒரு மனுசன் ரெண்டு தடவ சாக முடியாது. அங்க செத்தவன் வேணும்னா இங்க செத்தவன விட்டுடு."

மாவிஸ் சான்றிதழைத் தரவில்லை. லோர்னாவும் திருடவில்லை. வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று.

கல்லறைத் திருநாள் வந்தது. லோர்னா சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றாள். கிளைவ் கல்லறைத் தோட்டத்தின் கேட்டை மறித்தான்.

"எந்தத் தாத்தாவுக்கு வந்த?"

"தாத்தாவுக்கு வரல. கீழ படுத்திருக்கிறவளுக்கு வந்தேன். தள்ளு."

"அந்தப் பேரைப் பாட்டி வச்சது. இங்க அவ சொன்னதுதான் சட்டம். உன் காகிதம் இங்க செல்லாது."

பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாவிஸ் எழுந்தாள். "விடுடா அவள."

வாளியை வாங்கினாள். மட்டையை முக்கி, அடியிலிருந்து மேலே அடித்துக்கொண்டு போனாள். எப்போதும் எழுத்துகளில் படாமல் ஒதுக்கி அடிப்பாள். இந்த முறை எழுத்துகளின் மேலேயே அடித்தாள். பெயர் மறையும்வரை அடித்தாள்.

கிளைவ் ஓடி வந்தான். "மம்மி! ஊரே பாக்குது. பாட்டிய பொய்க்காரிம்பாங்க."

"சொல்லட்டும். சொல்ற வாய நான் பாத்துக்கறேன்."

காயும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தாள். பிறகு கறுப்புப் பெயின்டை எடுத்து, கோணல்மாணலாக, பிலோமினா என்று எழுதினாள். லேசி என்று சேர்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"அவன் பேரு இனி இங்க வேண்டியதில்ல. உனக்குத் தேவைன்னா எடுத்துட்டுப் போ. வீட்டுக்கு வா, சர்டிபிகேட் தர்றேன்."

கிளைவ், பாட்டி நிறுத்திய பெயரைக் காக்க நின்றான். லோர்னா, உண்மையைச் சொல்லித் தன் பங்கைக் கேட்டாள். மாவிஸ், தாய் நிறுத்திய பெயரைத் தாயின் தலைமாட்டிலேயே அழித்தாள். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மாவிஸ். அந்தப் பொய் அவளுக்காகச் சொல்லப்பட்டது. யாருக்காகச் சொன்னார்களோ அவர்தான் அதை முடிக்க முடியும். பேரனுக்கு அதைக் காவல் காக்கும் பொறுப்பை யாரும் தரவில்லை. லோர்னா கேட்டதில் தவறில்லை. ஆனால் அவள் கேட்ட பங்கு தாயின் கையைத் தாண்டித்தான் வர முடியும், அதைத் தெரிந்து அவள் காத்திருந்ததே அவளுக்குப் பெருமை. செத்தவளின் மானம் போயிற்றே என்று ஒரு கேள்வி மிஞ்சும். நானும் அங்கேதான் நெடுநாள் தடுக்கி நின்றேன். ஓடியது அவன். அவமானம் அவனுடையது. மண்ணுக்கு அடியிலும் அதை அவள் ஏன் சுமக்க வேண்டும்? இதை ஒப்பாதவர்கள் போத்தனூருக்குப் போய் மாவிஸிடமே சொல்லிப் பார்க்கட்டும்.