அறுபது கிலோ

"ஆப்ஜெக்ட் முறையா, புரொசீஜர் முறையா, எது சரி டீச்சர்? நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க."

பிலவேந்திரன் இதைக் கேட்டபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவருக்கு வயது நாற்பத்தெட்டு. டீச்சர் செண்பகத்துக்கு முப்பத்தாறுதான். அதனால் என்ன, அவருக்கு ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தது அவள்.

சங்கதி இதுதான். ஆஸ்பத்திரிகளில் நரம்பு வழியாக மருந்து ஏற்றுகிற மெஷினுக்கு பிலவேந்திரனின் கம்பெனி ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தது. பதினோரு நாளுக்கு முன்னால் ஒரு வார்டில் மூன்று மாதக் குழந்தை செத்துப்போனது. மருந்து ஏகத்துக்கும் அதிகம்.

காரணத்தை மறுநாளே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆப்ஜெக்ட் முறையில் 'நோயாளி' என்று ஒரு பொது அச்சு செய்து, அதிலிருந்து 'குழந்தை நோயாளி' என்று இன்னொன்றைப் பிறக்கவைப்பார்கள். அப்பன் சொத்து பிள்ளைக்கு வருகிற மாதிரி, முன்னதில் இருப்பதெல்லாம் பின்னதுக்கும் வந்துவிடும். மெஷினில் எடை போடாமல் விட்டால் அறுபது கிலோ என்று எடுத்துக்கொள் என முன்னதில் ஒரு வரி இருந்தது. அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த வரியை எழுதியது பிலவேந்திரன்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் சண்டை. அப்பவே சொன்னோம், புரொசீஜர் முறையில் ஒவ்வொரு படியாக எழுதியிருந்தால் எடையைக் கேட்காமல் அடுத்த படிக்கே போயிருக்காது என்றார்கள் பாதிப் பேர். அந்த முறையில் எழுதின பழைய ப்ரோகிராம் மட்டும் யோக்கியமா, முந்தின நோயாளியின் எடை அழியாமல் நின்று அடுத்தவர் தலையில் விழவில்லையா என்று எகிறினார்கள் மீதிப் பேர். செத்த குழந்தையின் பேர் ஒருத்தர் வாயிலும் வரவில்லை.

பிலவேந்திரன் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். திங்கட்கிழமை மீட்டிங். புது ப்ரோகிராமை எந்த முறையில் எழுதுவது என்று அங்கே முடிவாகும். டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் கேட்பார்கள் என்றார்.

செண்பகம் அந்தக் காகிதக் கட்டைக் கையில் வாங்கவில்லை.

"இப்ப அந்த ப்ரோகிராம் எத்தனை வார்டுல ஓடுது?"

"ஒன்பதுல, டீச்சர். புதுசு வந்ததும் மாத்திருவோம்."

"அவங்ககிட்ட சொல்லியாச்சா?"

மீட்டிங் முடியாமல் எப்படிச் சொல்வது, சொன்னால் தப்பு எங்கள் மேல்தான் என்று நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா என்று அவர் இழுத்தார்.

செண்பகம் ஒன்பது நம்பரையும் வாங்கிக்கொண்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவளே ஒவ்வொரு வார்டாகக் கூப்பிட்டாள். எடை போடாமல் விட்டால் மெஷின் பெரியவங்க எடையை எடுத்துக்கொள்கிறது, உடனே நிறுத்துங்கள், பழையபடி கையால் துளி எண்ணி ஏற்றுங்கள். எல்லாரிடமும் இதையேதான் சொன்னாள். மூன்று வார்டுகளில் சரி என்றார்கள். நாலாவதில் சிடுசிடுத்துவிட்டு நிறுத்தினார்கள்.

ஐந்தாவது வார்டில் ஒரு நர்ஸ் எடுத்தாள். சின்னப் பெண் என்று குரலிலேயே தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எடை போடலன்னாவா மேடம்?"

"ஆமாம்மா."

"முந்தாநாள் எங்க எடை பார்க்கிற மெஷின் ரிப்பேர். டாக்டர் அவசரம்னாரு. எடை போடாமத்தான் ஏத்துனேன்."

பிலவேந்திரன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். காகிதக் கட்டிலிருந்து நாலைந்து பக்கம் கீழே விழுந்தது. அவர் குனியவில்லை.

"பொம்பளப் பிள்ளை மேடம். நேத்து காலையில போயிருச்சு. நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன்னு அதோட அம்மா கால்ல விழுந்தேன். ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல."

அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. பின்னால் வார்டில் ஒரு குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது.

"இந்த மாதிரி ஆகும்னு உங்க ஆளுங்க யாருக்காவது முன்னாடியே தெரியுமா மேடம்?"

செண்பகம் போனை பிலவேந்திரன் முன்னால் நகர்த்தி வைத்தாள்.