டிரஸ்டியின் வாழ்த்துரை

செங்கமலத்தின் அப்பா சாகும்முன் தன் கல்யாண மண்டபத்தை மகளுக்கென்று டிரஸ்டாக எழுதி, அவள் வளரும்வரை பார்த்துக்கொள்ளச் சிநேகிதர் தாண்டவராயரை டிரஸ்டியாக்கினார். அவள் வளர்ந்துவிட்டாள். சாவிதான் வரவில்லை. "மண்டபம் என்னோடது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார் மனுஷன்.

வாட்ச்மேன் மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. போய்க் கேட்டான்.

"அவளோடதுன்னு என் வாயாலேயே சொல்ல வைடா, சாவி தர்றேன்" என்று சிரித்தார்.

மறுநாள் மண்டபத்தில் ஒரு முகூர்த்தம். யார் வீட்டுக் கல்யாணமானாலும் மேடையேறி, மைக்கைப் பிடித்து நீட்டி முழக்கி வாழ்த்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பாதி வாழ்த்தில் மாசிலாமணி தலைதெறிக்க ஓடிவந்தான்.

"ஐயா! நம்ம மதில் சரிஞ்சு இன்ஸ்பெக்டர் ஜீப் நசுங்கிடுச்சு! ஓனர் எங்கேன்னு கத்துறாரு!"

"ஓனரா? நான் இல்லப்பா! மண்டபம் செங்கமலத்தோடது! அவங்கப்பா நம்பி ஒப்படைச்சதைப் பார்த்துக்கிற டிரஸ்டி நான், அவ்வளவுதான்!"

குழாய் ஸ்பீக்கர் அதைத் தெருக்கோடி வரை கொண்டுபோனது. பந்தியில் எல்லோர் கையும் இலையிலேயே நின்றது. தாண்டவராயர் அப்போதுதான் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார்.

மாசிலாமணி பணிவாகக் கையை நீட்டினான்.

"மதில் நல்லாத்தான் நிக்குதுங்க. ஓனரம்மா வாசல்கிட்ட நிக்கிறாங்க. சாவியைக் குடுங்க."