ஓணான் வரைந்த சுனை

அந்தக் காலத்தில், பறப்பதும் ஊர்வதும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, மலையடிவாரத்துச் சுனைக்கு மீன்கொத்திதான் நாட்டாமை. எல்லாரும் அங்கே குடிக்கலாம். ஓணான் மட்டும் கூடாது.

"உன் சொரசொரத்த உடம்பைக் கண்டால் என் மீன் ஒதுங்கும். போய் வேலியில் பனியை நக்கு!" என்று விரட்டும்.

ஓணான் வேலியில் இருந்தபடியே சுனையைப் பார்த்தது. கோடை முழுக்கப் பார்த்தது. காற்றில்லாத வேளையில் அந்தத் தண்ணீர் எப்படி அசையாமல் கிடக்கும், நாணல் நிழல் எந்த இடத்தில் கறுக்கும் என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். வயிறு நிறையக் குடிக்கிறவனுக்கு அது எதற்கு?

பிறகு ஒரு மொட்டைப் பாறையில் ஏறி வரையத் தொடங்கியது. தண்ணீருக்கு அவுரி இலைச் சாறு, கரைக்குக் காவிக்கல், தூரிகைக்குத் தன் வால்.

ஆமை அத்தை மீன்கொத்தியிடம் போய், "ஓணான் தண்ணீர் வரைகிறதப்பா, வந்து பாரேன்" என்றது.

"அந்தப் பயல் கிறுக்கியதை நான் போய்ப் பார்ப்பதா? அதைத் தண்ணீரென்று எவனாவது நம்பட்டும், அன்றைக்கே ஓணான் சுனையில் இறங்கிக் குடிக்கலாம்!"

அத்தை இதை வந்து சொன்னது. உடனே ஓணான் மினுங்கும் காக்காப்பொன் துகளைக் குழைத்து, படத்து நாணல் ஓரமாக ஒரு கெண்டை மீனை வரைந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் மீன்கொத்தி பசியோடு அந்தப் பக்கம் பறந்தது. கீழே தெளிந்த தண்ணீர். ஓரத்தில் கெண்டை மினுங்கியது.

"அட, எனக்குத் தெரியாமல் இன்னொரு சுனையா!"

சிறகை மடக்கித் தலைகீழாகப் பாய்ந்தது.

ணங்!

சத்தம் கேட்டுக் கீரி, குரங்கு எல்லாம் ஓடிவந்தன. நாட்டாமை மல்லாந்து கிடந்தது.

"தண்ணீர் எப்படி, நாட்டாமை?" என்றது கீரி.

"கொஞ்சம் கெட்டி போல" என்றது குரங்கு.

"சொன்ன சொல் ஞாபகம் இருக்கிறதா அப்பா?" என்று கேட்டது ஆமை அத்தை.

மீன்கொத்தி அலகைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது. ஓணான் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. நேரே சுனையில் இறங்கி, பார்த்தவர்களுக்கு மூச்சு முட்டும்வரை குடித்தது.

அன்று முதல்தான் மீன்கொத்தி பாயும் முன் தலையை ஆட்டி ஆட்டி, கீழே கிடப்பது தண்ணீர்தானா என்று பார்க்கிறது. எதிர்ப் பாறையில் ஓணானும் விடுவதாயில்லை. கழுத்தைச் சிவக்க வைத்துக்கொண்டு, "நான் வரைந்ததுதான், நான் வரைந்ததுதான்" என்று இன்னும் தலையாட்டுகிறது.