மைனஸ் இரண்டுக்காக ஒரு வழக்கு

"ஒரே ஒரு ஸ்டெப் தப்புன்னு காட்டுங்க மேம். நாங்க திருச்சிக்கே போகல!"

இளவேனில் போட்ட சத்தம் கணிதத் துறை முழுக்கக் கேட்டது. பக்கத்தில் தோழி ஜெசிந்தா ஆமாம் ஆமாமென்று தலையாட்டினாள்.

திருச்சியில் நடக்கும் கணிதப் போட்டிக்கு வேன் கிளம்பப் போகிறது. பட்டியலில் இருவர் பெயரையும் மெஹருன்னிசா மேடம் அடித்துவிட்டார்.

காரணம் பலகையில் இருந்தது.

லாக் x + லாக் (x − 2) = லாக் 8

"எந்த ஸ்டெப்பும் தப்பில்லையே," என்றார் மேடம்.

"அப்புறம் என்ன மேம்? ரெண்டு லாக்கையும் சேர்த்தோம். x(x − 2) = 8. விடை நாலு, மைனஸ் ரெண்டு. நாலு மட்டும் உசத்தியா? மைனஸ் ரெண்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

"சரிபார்த்தீங்களா?"

"பார்த்தோம்!" இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

மேடம் வகுப்பில் அது வழக்கம். ஒருத்தி விடைத்தாளை இன்னொருத்தி சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இருவர் தாளிலும் கையெழுத்து இருந்தது.

"ஜெசிந்தா, நீ கொஞ்சம் வெளிய நில்லும்மா."

கதவு சாத்தப்பட்டது.

"இப்ப சொல்லு. நீ பார்த்தியா?"

"அவளுக்கும் அதே விடைதான் மேம். அதான் கையெழுத்துப் போட்டேன்."

"அவ ஏன் போட்டா?"

"எனக்கும் அதே விடைன்னுதான்..."

மேடம் சாக்பீஸை நீட்டினார். அவர் விரல் பலகையின் முதல் வரியைத் தொட்டது.

இளவேனில் x இருந்த இடத்தில் மைனஸ் இரண்டைப் போட்டாள். லாக் (−2).

கை நின்றது. மெய்யெண்களில் மைனஸுக்கு லாக் ஏது?

அடுத்தது. லாக் (−4). அதுவும் இல்லை.

மைனஸ் இரண்டையும் மைனஸ் நாலையும் பெருக்கிப் பார்த்தாள். எட்டு!

"அய்யோ மேம்!" துள்ளிவிட்டாள். "தனியா நிக்கத் துப்பில்லாததுங்க ரெண்டும் கையைக் கோத்துக்கிட்டு எட்டுன்னு உள்ள வந்திருக்கு! சேர்த்து வெச்சு உள்ள விட்டதே நான்தான்!"

மேடம் கதவைப் பார்த்தார்.

இளவேனில் ஓடிப்போய்த் திறந்தாள்.

"என்னடி இளிக்கிற? வேன் போயிடுச்சுடி!" ஜெசிந்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "வா, ரெண்டு பேரும் சேர்ந்து இன்னொரு தடவை கேப்போம்."

இளவேனில் சாக்பீஸை அவள் கையில் திணித்தாள்.

"சேர்ந்து வேணாம்டி. நீ மட்டும் போ."