இடப்பக்கம் ஒரு முழம்

“ஒன்பது மாதமாக என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, குருவே. நான் போகிறேன்.”

மொரிதா கென்பெய் இதைத் தரையைப் பார்த்துச் சொன்னார். மூட்டையைக் கட்டி முடித்திருந்தார்.

ஐம்பது வயது. சாமுராய்கள் இனி வாள் தரிக்கக் கூடாது என்று ஜப்பானில் உத்தரவு வந்ததும், வாளைக் கழற்றி வைத்துவிட்டு இந்தப் பௌத்த மலைக்கோயிலுக்கு வந்தவர். மனைவி இறந்து வெகுகாலம். பிள்ளைகள் இல்லை.

குரு ரியோசாய் அவரைவிடப் பதினைந்து வயது சிறியவர். சாயப்பட்டறைக்காரரின் மகன். நகக்கண்களில் இன்னும் கொஞ்சம் நீலம் இருந்தது.

“எங்கே போவீர்கள்?”

“தெரியவில்லை.”

“இன்னும் இரண்டு நாளில் பனி வழியை மூடிவிடும்.”

“அதனால்தான் இன்றே போகிறேன்.”

குரு மூட்டையைப் பார்த்தார். மிகச் சின்ன மூட்டை.

“யாரும் உட்காரவில்லை என்றால்?”

“சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் நெருக்கியடித்து உட்காருகிறார்கள். என் இடப்பக்கம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டலாம் என்று சமையல்காரர் தோகுசோ நேற்று சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.”

“நீங்கள்?”

“கஞ்சியைக் குடித்தேன்.”

குருவுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“இங்கிருப்பவர்கள் உழவர் வீட்டுப் பிள்ளைகள்,” என்றார் மொரிதா. “ என் குலத்தாருக்குக் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவர்கள். வெறுக்கட்டும், நியாயம்தான். ஆனால் பேசுகிறவர்கள்கூட எட்ட நின்று பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னால்…”

மூட்டையை எடுத்துக்கொண்டார்.

“சரி. வாசல்வரை வருகிறேன்,” என்றார் குரு.

தோட்டத்தை ஒட்டிய மரத் தாழ்வாரத்தில் இருவரும் நடந்தார்கள். குரு அவருக்கு இடப்பக்கமாக வந்தார்.

மொரிதா கொஞ்சம் விலகினார்.

குரு கொஞ்சம் நெருங்கினார்.

மொரிதா மறுபடி விலகினார்.

குரு இன்னொரு அடி நெருங்கினார். மொரிதாவின் வலது காலுக்குக் கீழே பலகை இல்லை.

கணுக்கால்வரை சேற்றில், மூட்டையை அணைத்தபடி, அவர் தோட்டத்தில் நின்றார்.

“ஏன் விலகிக்கொண்டே போனீர்கள்?”

“வாளுறை உங்கள்மேல் இடித்துவிடும்.”

யோசிக்காமல் வந்த பதில்.

“இடித்தால்?”

சாயப்பட்டறையில் வளர்ந்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. மொரிதா பொறுமையாகச் சொன்னார்.

“ஒரு சாமுராயின் உறைமேல் இடித்தால் அது அவமானம். அங்கேயே வாளை உருவ வேண்டும். ஒருவர் சாக வேண்டும். என் தம்பி ஹெய்ஜிரோ ஒரு பாலத்தில் அப்படித்தான் போனான். பத்தொன்பது வயது. யாரும் வேண்டுமென்று இடிக்கவில்லை. திருவிழாக் கூட்டம், அவ்வளவுதான். அன்றிலிருந்து நான், இடப்பக்கம் யார் வந்தாலும் விலகி…”



குரு அவருடைய இடுப்பைப் பார்த்தார்.

“எங்கே உறை?”

மொரிதாவின் கை இடது இடுப்புக்குப் போனது. அங்கே துணிக் கச்சை இருந்தது. கை அதைத் தடவியது. மறுபடி தடவியது.

சேறு சில்லென்று ஏறிக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை.

குரு தாழ்வாரத்தின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏறி வாருங்கள். கால் விறைத்துப்போகும்.”

மொரிதா ஏறினார். எங்கே உட்காருவது என்று நெடுநேரம் பார்த்தார். பிறகு, குரு தன் இடப்பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார். ஒரு முழம் தள்ளி.

குரு நகரவில்லை.

மொரிதா மூட்டையைக் கீழே வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்.

தோள் இடித்தது.

யாரும் சாகவில்லை.