மதகு திறக்க வைத்த அழிசி

சத்தம் போடாமல் கேளுங்கள். ஒரு தடவைதான் சொல்வேன்.

ஓர் ஏரி. அதன் கரையில் மேட்டுநாடு, அதற்குக் கீழே பள்ளநாடு. மேட்டுநாட்டு மதகு திறந்தால்தான் பள்ளநாட்டு வயலுக்குத் தண்ணீர். அந்தக் காலத்தில் ஒரு வருஷம், கதிர் பிடிக்கும் நேரத்தில் மதகு திறக்கவே இல்லை. பயிர் வாடியது.

பள்ளநாட்டு அரசன் இளவெயினன் கொதித்துப்போய் ஒரு தூதனை அனுப்பினான். அவன் மீசையை முறுக்கிக்கொண்டு, "மதகைத் திற. இல்லாவிட்டால் படை வரும்" என்றான்.

மேட்டுநாட்டு அரசன் பெருநற்கோ, "வரட்டும். திறக்கமாட்டேன்" என்றான்.

இரண்டாம் தூதன் போனான். காலில் விழுந்தான். அரசனைப் புகழ்ந்து பத்துப் பாட்டுப் பாடினான்.

"பாட்டு நன்றாக இருக்கிறது. திறக்கமாட்டேன்."

மூன்றாவதாக அழிசி. தொந்தி பெரியது, பேச்சு சிறியது.

"பத்து நாள் தருகிறேன். பதினோராம் நாள் படை கிளம்பும்" என்றான் இளவெயினன். அழிசியின் மகன்கள் இரண்டு பேரும் அந்தப் படையில் இருந்தார்கள்.

மேட்டுநாட்டுச் சபையில் அழிசி வணங்கினான். "களைப்பாக இருக்கிறது. பிறகு பேசுகிறேன்" என்றான். அவ்வளவுதான்.

முதல் நாள் அரண்மனையில் சாப்பிட்டான். சோறு பழைய அரிசி; மேட்டுநாட்டில் இந்நேரம் புது அரிசி வந்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் கடைத்தெருவில் சாப்பிட்டான். அங்கேயும் பழைய அரிசி. மூன்றாம் நாள் ஏரிக்கரைக்கு நடந்தான். மேட்டுநாட்டு வயலெல்லாம் ஏரித் தண்ணீர் ஏறி, பயிர் அழுகிக் கிடந்தது!

அங்கே வலை வீசிக்கொண்டிருந்தவனிடம், "என்னப்பா இது?" என்றான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க ஐயா. புது மதகுக் கதவு, ராசாவே பார்த்துப் பார்த்துச் செஞ்சது. தண்ணியில ஊறி உப்பிச் சிக்கிக்கிச்சு. ஓரத்தைச் செதுக்கணும்னு சொன்ன தச்சனுக்குச் சாட்டையடி. ராசா செஞ்சதுல குறை சொல்லலாமா?"

அழிசி நேரே சபைக்குப் போனான்.

"அரசே, ஒரு வேண்டுகோள். உங்கள் மதகுக் கதவு போல நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் தச்சர்கள் வந்து தொட்டுப் பார்த்துத் தொழில் கற்க அனுமதி வேண்டும்."

பெருநற்கோ நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எத்தனை பேர்?"

"இருபது பேர், உளியோடு."

"உளி எதற்கு?"

"வெறும் கையோடு தச்சன் எதைக் கற்பான், அரசே?"

"அதுவும் சரிதான். பாவம், கேட்டுவிட்டாய். நாளைக்கே வரட்டும். விடிந்ததும் வரட்டும்!"

வந்தார்கள். கதவின் ஓரத்தைச் செதுக்கிச் செதுக்கிக் கற்றார்கள். ஒன்பதாம் நாள் கதவு மேலே ஏறியது. தண்ணீர் பாய்ந்தது. கிளம்ப நின்ற படை மண்வெட்டியோடு வயலுக்கு ஓடியது, அழிசியின் மகன்கள் முன்னால்.

இளவெயினன் தூதனைத் தனியே அழைத்தான். "அந்த மண்டைக்கனம் பிடித்தவனை எப்படி வழிக்குக் கொண்டுவந்தாய்?"

அழிசி நடந்ததைச் சொன்னான். அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இங்கேயே சிரித்து முடித்துவிடுங்கள், அரசே. சபையில் வேண்டாம். அடுத்த வருஷமும் நமக்குத் தண்ணீர் வேண்டும்."

ஆகவே, அயல்நாட்டில் தூதனுடைய வேலை மிரட்டுவதும் அல்ல, கெஞ்சுவதும் அல்ல; அங்குள்ள நிலைமையைத் தன் கண்ணால் பார்த்து, அவர்கள் மானமும் நம் காரியமும் கெடாமல் முடித்து வருவதுதான்.