கூட வந்தவர்

பேராச்சி அம்மாளுக்கு முதுகு வலி போய்விட்டது. கூடவே பார்வையும் போய்விட்டது.

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடத்தில் அவர் ஞாயிறுதோறும் பழைய நூல்களைப் படித்துப் பொருள் சொல்லும் வகுப்பு நடத்தி வந்தார். தண்டுவடத்தில் நரம்பு நெரிந்து, வலி காலுக்கு இறங்கி, உட்காரவே முடியாமல் போனதும் வகுப்பு நின்றது. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, காலையில் தொடங்கிப் பொழுது சாய்கிறவரை ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் மயக்கம் முழுக்கத் தெளிந்ததும், ஏன் இந்த அறையில் விளக்கே போடவில்லை என்று கேட்டார். ஜன்னல் வழியே வெயில் கட்டில்வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது.

கண்ணில் ஒரு பழுதும் இல்லையாம். அவ்வளவு நேரம் குப்புறக் கிடந்ததில், கண்ணுக்குப் பின்னால் ஓடும் நரம்புக்கு ரத்தம் போதாமல் போய்விட்டது. அபூர்வமாக இப்படி நடப்பதுண்டு என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவர் ஆவுடையப்பன். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சீடர்தான், ஆனால் குருவைவிட மூத்தவர். அவர் குருவை 'அம்மா' என்பார், குரு அவரை 'அண்ணாச்சி' என்பார். புதிதாக வருகிறவர்கள் யாருக்கு யார் சீடர் என்று குழம்பிப்போவார்கள்.

மடத்துக்குத் திரும்பியபின் ஆவுடையப்பனின் சேவை அளவு மீறிப்போனது. சோற்றைப் பிசைந்து கையில் வைத்தார். அம்மாளுக்கு வந்த போனை அவரே எடுத்து, அவரே பேசி, அவரே வைத்தார். விட்டால் அம்மாளுக்குப் பதிலாக மூச்சும் விடுவார் என்று மடத்துச் சமையல்காரி கோமு சிரித்தாள்.

சில மாதம் கழித்துக் கண் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் பரிசோதித்து முடித்து அம்மாளை வெளியே உட்காரச் சொன்னார். கூட வந்தவரை மட்டும் உள்ளே அழைத்தார். நம் ஊரில் இது வழக்கம்தானே. நோய் ஒருவருக்கு, செய்தி இன்னொருவருக்கு.

நரம்பு செத்துவிட்டது, இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னார். ஆவுடையப்பன் வெளியே வந்து, போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார்.

அம்மாள் நம்பினார். காலையில் எழுந்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொஞ்சநேரம் அப்படியே இருப்பார். வலிதான் போய்விட்டதே, வாய்ப்பேச்சாகவாவது வகுப்பைத் தொடங்கலாமே என்று வந்து கேட்டவர்களிடம், கண் வரட்டும் என்று சொல்லி அனுப்பினார். கேட்டு வருகிறவர்களும் மெல்ல மெல்லக் குறைந்தார்கள்.

வைகாசியில் ஒருநாள் காலை இருவரும் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மாள் உற்சாகமாக இருந்தார்.

"ஐப்பசிக்குள்ள கண்ணு வந்துரும்னு தோணுது அண்ணாச்சி. வந்ததும் வகுப்பை ஆரம்பிச்சிருவோமா?"

ஆவுடையப்பன் நின்றுவிட்டார். வழியோரக் கல்லில் அம்மாளை உட்காரவைத்தார்.

"வராதும்மா."

"எது?"

"கண்ணு. டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அம்மாளின் முகம் ஒரு கணம் வெறுமையாகிப்போனது. பிறகு தலையை அசைத்தார். மேலே சொல்லச் சொல்வதுபோல் இருந்தது.

ஆவுடையப்பன் மிச்சத்தையும் கொட்டிவிட்டார். ஆபரேஷனுக்கு முதல் நாளும் ஆபரேஷன் டாக்டர் அவரைத் தனியாக அழைத்திருந்தார். பல ஆயிரம் பேரில் ஒருவருக்குப் பார்வை போகலாம், நோயாளிக்கு இது தெரிந்திருக்க வேண்டும், நானே வந்து சொல்கிறேன் என்று டாக்டர் எழுந்தார். வேண்டாம், பக்குவமாக நானே சொல்கிறேன் என்று ஆவுடையப்பன்தான் தடுத்தார். டாக்டரும் விட்டுவிட்டார். ஆவுடையப்பன் சொல்லவே இல்லை. சொன்னால் அம்மாள் ஆபரேஷன் வேண்டாம் என்றுவிடுவாரோ, நின்ற வகுப்பு நின்றதாகவே போய்விடுமோ என்று பயம்.

சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தார்.

"என் மேல கோவமா இருக்காம்மா?"

"இருக்கு" என்றார் அம்மாள்.

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை மாதமும் அவரைத் தூங்கவிடாமல் அடித்த கேள்வி ஒன்று இருந்தது. எந்தப் பதில் வந்தாலும் சரி, இனி ஏதாவது ஒன்று தெரிந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

"அன்னைக்கு நான் சொல்லியிருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்பீங்களாம்மா?"



"தெரியல அண்ணாச்சி. இருந்த வலிக்கு, சரின்னுகூடச் சொல்லியிருப்பேன். அதை அன்னைக்கு நான் உக்காந்து யோசிச்சிருக்கணும். இன்னைக்கு யோசிச்சா அந்தப் பதில் உங்களுக்குத்தான் ஆகும். எனக்கு ஆகாது."

பிறகு எழுந்தார். ஆவுடையப்பன் பதறி எழுந்து, எப்போதும்போல் அம்மாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கொஞ்சதூரம் போனதும் வழியில் சேறு தேங்கிக் கிடந்ததைப் பார்த்து, அதைச் சொல்லாமலே அம்மாளை இடது பக்கமாக இழுத்தார்.

அம்மாள் நின்றார். "ஏன் இழுக்கீங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார் ஆவுடையப்பன்.

அம்மாள் அவருடைய பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார். தடவிப் பார்த்து, அவர் தோள்மேல் தன் கையை வைத்தார்.

"எதிர்ல என்ன இருக்குன்னு சொல்லிக்கிட்டே வாங்க அண்ணாச்சி. மிதிக்கணுமா, சுத்திப் போகணுமான்னு நான் சொல்லுதேன்."